சுளுக்கு என்று சொன்னவள் நான்தான்

அன்பு மகள் இலக்கியாவுக்கு அம்மா செவந்தி எழுதுவது. மஸ்கட்டில் நீ உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல், வேளைக்குச் சாப்பிட்டு, டியூட்டி முடிந்ததும் நிம்மதியாகத் தூங்கி எழுந்து நல்லபடியாக இருக்க நம் கருப்பரை வேண்டிக்கொள்கிறேன். இங்கே அப்பா நலம், நானும் நலம். வழக்கம்போலத் தம்பியும் நலம் என்று அடுத்த வரியை எழுதிவிட்டுப் போகலாம் என்று பார்த்தேன், பேனா அங்கேயே நின்றுவிட்டது. வசந்த் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்துவிட்டான், காய்ச்சல் இல்லை, நன்றாகச் சாப்பிடுகிறான், டிவி ரிமோட்டை யாரிடமும் கொடுப்பதில்லை. ஆனால் அந்தக் கால் பழையபடி வருமா என்பது மட்டும் இன்னும் தெரியவில்லை. அப்பா உனக்குப் பாதி சொல்லியிருப்பார், மீதி அவருக்கே தெரியாது. நீ போன் செய்து அப்பாவிடம் பேசுகிறாய், தம்பியிடம் பேசுகிறாய், என் கைக்குப் போன் வந்ததும் டியூட்டிக்கு நேரமாகிவிட்டது என்கிறாய். அதற்காக நான் வருத்தப்படவில்லை, வருத்தப்பட எனக்கு யோக்கியதையும் இல்லை. போனில் சொல்லலாம் என்றால் நீ ஒரு கேள்வி கேட்பாய், நான் அழுதுவிடுவேன், அழுதால் நீ இரங்கிவிடுவாய், இரங்கினால் முழுதையும் கேட்க மாட்டாய். அதனால்தான் காகிதம். உன் சிநேகிதி கலைமதியின் வீட்டுக்காரர் லீவு முடிந்து மஸ்கட் திரும்புகிறார், பருப்புப் பொடியோடும் முறுக்கோடும் இதையும் அவரிடம் கொடுத்தனுப்புகிறேன். முறுக்கை முதலில் சாப்பிட்டுவிட்டுக் கடிதத்தைப் படி, படித்த பிறகு பிடிக்காமல் போனாலும் போகும்.

ஊர்ச் செய்தி என்று பெரிதாக ஒன்றும் இல்லை. கடலைக்குக் கடைசி மழை தவறிவிட்டது, செடி பார்க்கப் பச்சையாகத்தான் இருக்கிறது, பிடுங்கினால் பாதி பொக்கு. அப்பா வழக்கம்போல விடியுமுன் வேனை எடுத்துக்கொண்டு ஜெகதாப்பட்டினம் போய் மீன் ஏற்றி அறந்தாங்கி மார்க்கெட்டில் இறக்கிவிட்டு மதியத்துக்கு மேல் வருகிறார். அடுத்த வீட்டுப் பொற்கொடியின் தம்பி போன விசைப்படகைக் கடலில் நேவிக்காரர்கள் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள் என்று இங்கே ஒரே அழுகை, பிறகு ஆட்களை விட்டுவிட்டார்கள், படகுதான் இன்னும் வரவில்லை. ரகுநாத் கத்தாரிலிருந்து வாரம் ஒரு முறை பேசுகிறான், பெண் பார்க்கவா என்றால் லைன் சரியில்லை என்று வைத்துவிடுகிறான். உன்னோடு ஒரே வயிற்றில் ஒரே நாளில் பிறந்தவன், உனக்கு வருகிற பேச்சில் கால்வாசி அவனுக்கு வருவதில்லை.

உங்கள் இரண்டு பேரையும் பெற்றதில்தான் இந்தக் கதை தொடங்குகிறது என்று எனக்குத் தோன்றுகிறது, உன்மேல் பழியைப் போடுகிறேன் என்று நினைத்துக்கொள்ளாதே. எனக்குக் கல்யாணமாகி ஆறு வருஷம் வயிற்றில் ஒன்றும் தங்கவில்லை, அது உனக்குத் தெரியும். வளைகாப்பு வீட்டில் என்னை முன்னால் வரச் சொல்ல மாட்டார்கள், நானே பந்தி பரிமாறுகிற பக்கம் போய் நின்றுகொள்வேன். அப்படி இருந்தவளுக்கு ஒரே பிரசவத்தில் ஆணும் பெண்ணுமாக இரண்டு. இரட்டைப் பிள்ளை பெற்றவள் கையால் வழித்தால் சுளுக்கு விட்டுவிடும் என்று நம் பக்கத்தில் ஒரு நம்பிக்கை உண்டே, உங்களுக்குப் பெயர் வைக்கும் முன்னே கழுத்துச் சுளுக்கோடு ஒருத்தி வாசலில் வந்து நின்றாள். ஆறு வருஷம் என்னை ஓரமாக நிறுத்திய அதே பெண்கள் செவந்தி கையால் வழித்தால்தான் ஆகும் என்று பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். கொடும்பாளூரிலிருந்துகூட பஸ் ஏறி வந்திருக்கிறார்கள். காசு வாங்கியதில்லை, வெற்றிலை பாக்கு மட்டும்தான். ஆனால் அதில் கிடைத்த மரியாதை இருக்கிறதே, அதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றே நான் வளர்ந்துவிட்டேன் இலக்கியா. நீ நர்சிங் படித்து வந்து தசை, நரம்பு, மூட்டு என்று விளக்கியபோதெல்லாம் சரி சரி என்று தலையை ஆட்டினேன். உள்ளுக்குள்ளே, நீ பிறந்ததால் வந்த கைராசி இது, நீ எனக்குச் சொல்லித் தருகிறாயா என்றுதான் நினைத்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் வசந்த் பாயிலிருந்து எழுந்து வரும்போதே வலது காலை இழுத்து வைத்தான். என்னடா என்றேன், முட்டி வலிக்கிறது என்றான். எங்கே விழுந்தாய் என்று கேட்டேன். விழவில்லை என்றான். விழாமல் எப்படிடா வலிக்கும், பொய் சொல்லாதே, பள்ளிக்கூடத்துச் சுவரிலிருந்து குதித்தாயா, வேன் மேலே ஏறினாயா என்று விடாமல் கேட்டேன். அவன் முகத்தைப் பார்த்துக் கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். நான் அடுப்பில் இட்லியை வைத்துக்கொண்டு முதுகைக் காட்டியபடி கேட்டேன். கேட்கக் கேட்க அவனும் களைத்துப்போய், சரிம்மா, சுவரிலிருந்து குதித்தேன் என்றான். அதோடு எனக்குத் திருப்தி. நான் முதலிலேயே முடிவு கட்டியதைப் பிள்ளை வாயால் சொல்ல வைத்துவிட்டு, பார்த்தாயா நான் சொன்னேனே என்று எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்தேன். நல்லெண்ணெயைச் சூடு பண்ணி முட்டியிலிருந்து கீழே வழித்தேன். கத்தினான். சுளுக்கு விடும்போது கத்தத்தான் செய்வார்கள், ஊர்ப் பிள்ளைகள் எத்தனை பேர் கத்திப் பார்த்திருக்கிறேன். சாயங்காலம் தொடையிலிருந்து வழித்தேன், அப்போது கத்தவில்லை, பல்லைக் கடித்துக்கொண்டு தலையணையைப் பிடித்துக்கொண்டான். வலி குறைந்துவிட்டது என்று பொற்கொடியிடம் பெருமையாகச் சொன்னேன்.

திங்கட்கிழமை நீ போன் செய்தாய், அப்பா உனக்கு வாட்ஸ்அப்பில் ஏதோ எழுதியிருந்தார். காய்ச்சல் இருக்கிறதா, காலைத் தரையில் ஊன்றுகிறானா, தொட்டால் எங்கே அலறுகிறான், அவனை நிற்க வைத்து வீடியோவில் காட்டு என்று வரிசையாகக் கேட்டாய். முட்டி வலிக்கிறது என்று சொன்னால் முட்டியை மட்டும் பார்க்காதே, குழந்தைகளுக்கு இடுப்பு மூட்டில் கோளாறு இருந்தாலும் முட்டியில்தான் வலிப்பதாகச் சொல்வார்கள், காலை ஊன்றாமல் காய்ச்சலும் இருந்தால் ஒரு ராத்திரிகூட வைத்திருக்கக் கூடாது என்றாய். நீ அங்கே எமர்ஜென்சி வார்டில் தினமும் பார்க்கிற காரியம், தெளிவாகத்தான் சொன்னாய், எனக்கும் தெளிவாகத்தான் கேட்டது. அப்போது அவன் உடம்பு தொட்டால் சுட்டது. மெடிக்கல் ஷாப்பில் வாங்கிய காய்ச்சல் சிரப்பைக் கொடுத்திருந்தேன், கொடுத்தால் கொஞ்ச நேரம் ஆறுகிறது, ஆறுகிற நேரத்தை மட்டும் கணக்கில் எடுத்துக்கொண்டு காய்ச்சல் இல்லை என்றேன். தூங்குகிறான், எழுப்ப வேண்டாம் என்றேன். அவன் பக்கத்தில் விழித்துக்கொண்டுதான் படுத்திருந்தான். அதோடு நிறுத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை. காலையிலேயே ஆஸ்பத்திரியில் காட்டிவிட்டோம், சுளுக்குதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார் என்று சொன்னேன். நீ பெருமூச்சு விட்டாய், அது எனக்குக் கேட்டது. அப்பாடா, இப்பத்தான்மா எனக்கு உசிரு வந்துச்சு என்றாய். வேறு யாராவது அம்மாவாக இருந்தால் நீ நம்பியிருக்க மாட்டாய், மருந்துச் சீட்டைக் காட்டச் சொல்லியிருப்பாய். என்னை நம்பினாய். அதுதான் இன்றைக்கு வரை என் நெஞ்சில் கிடந்து அறுக்கிறது.

அம்மா ஏன் அப்படிச் சொன்னாள் என்று நீ அப்பாவிடம் கேட்டாயாம். உண்மையைச் சொல்கிறேன், அறியாமை என்று சொல்லித் தப்பிக்கப் பார்க்க மாட்டேன். ஊரார் பிள்ளைக்கெல்லாம் வழித்துவிட்டவள் தன் பிள்ளையை மட்டும் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினாள் என்று நாலு பேர் சிரிப்பார்களே என்று நினைத்தேன். அவ்வளவுதான் காரணம். எழுதிப் பார்க்கும்போது எவ்வளவு அற்பமாக இருக்கிறது. அப்பாவிடமும் சாதாரணச் சுளுக்கு என்றே சொல்லி வைத்தேன், அவர் விடியுமுன் போய்விட்டு வருகிற மனுஷன், என் கையை அவரும் நம்பினார். செவ்வாய்க்கிழமை முழுதும் வசந்த் பாயை விட்டு எழுந்திருக்கவில்லை, காலை மடக்கி வெளிப்பக்கமாகச் சாய்த்து ஒரே மாதிரி வைத்துக்கொண்டு கிடந்தான், யாராவது பாயை மிதித்தாலே முகம் சுருங்கியது. அன்றைக்கும் வழித்தேன். புதன்கிழமை மதியம் பொற்கொடி குழம்பு வாங்க வந்தவள் அவனைப் பார்த்துவிட்டுக் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். “அக்கா, இது சுளுக்கு இல்லக்கா. பிள்ளை மொகத்தப் பாருங்க, நீங்க காலைத்தான பாக்குறீங்க” என்றாள். என்னை எதிர்த்து ஒரு வார்த்தை பேசாதவள். அதே நேரத்துக்கு அப்பா மார்க்கெட்டிலிருந்து வந்தார், வேனைக் கழுவக்கூட இல்லை, பொற்கொடி சாக்கை விரித்தாள், மீன் கவிச்சியோடு வசந்தைப் படுக்க வைத்துப் புதுக்கோட்டைக்குக் கொண்டு போனோம். புறப்படும் முன்னால் காய்ச்சல் சிரப்பை இன்னொரு மூடி ஊற்றினேன். அந்த நேரத்திலும் டாக்டர் முன்னால் பிள்ளை சுடாமல் இருக்க வேண்டும் என்றுதான் எனக்குத் தோன்றியது பார்.

எமர்ஜென்சி வார்டில் இருந்தது ஒரு சின்ன வயது டாக்டரம்மா, உன் வயதுதான் இருக்கும். அவள் வந்ததும் காலைத் தொடவில்லை. அப்பா தூக்கிக்கொண்டு வரும்போதே வசந்த் காலை எப்படி வைத்திருக்கிறான் என்று தள்ளி நின்று பார்த்தாள். கட்டிலில் போடச் சொல்லாமல் என் மடியிலேயே வைத்துக்கொள்ளச் சொன்னாள். எங்கே வலிக்கிறது, ஒரே ஒரு விரலால் காட்டு என்றாள், அவன் முட்டியைக் காட்டினான். நல்ல காலை முதலில் பிடித்து மடக்கி நீட்டி, இதிலே எத்தனை விரல் இருக்கிறது என்று விளையாட்டுக் காட்டினாள். பிறகு வலிக்கிற காலின் முட்டியைத் தொட்டாள், வீக்கம் இல்லை, சூடு இல்லை, அழுத்தினாலும் அவன் ஒன்றும் சொல்லவில்லை. கடைசியாகத் தொடையில் கையை வைத்து மெதுவாக, பலகையில் சப்பாத்திக் கட்டையை உருட்டுகிற மாதிரி இப்படியும் அப்படியுமாகத் துளிதான் அசைத்தாள், அவன் என் கையைப் பிடித்துக் கடித்துவிட்டான். அந்தப் பல் தடம் ஒரு வாரம் இருந்தது, போய்விட்டதே என்றுகூட எனக்கு வருத்தம். அதற்குப் பிறகுதான் கேள்விகள். காய்ச்சல் உண்டா என்றாள், இல்லை என்றேன். எப்போதிலிருந்து வலி என்றாள், நேற்றிலிருந்து என்றேன். விழுந்தானா என்றாள், சுவரிலிருந்து குதித்தான் என்றேன். எங்கேயாவது எண்ணெய் போட்டுத் தேய்த்தீர்களா, சுளுக்கு எடுத்தீர்களா என்றாள். இல்லவே இல்லை என்றேன், நல்லெண்ணெய் வாசனை என் கையிலிருந்தே எனக்கு வந்தது. அவள் என்னை விட்டுவிட்டு வசந்தைப் பார்த்துக் குனிந்து, தம்பி எந்தச் சுவரிலிருந்து குதித்தாய் என்று கேட்டாள். அவன் என் முகத்தைப் பார்த்தான், “அம்மா, எந்தச் செவருன்னு சொல்லணும்?” என்றான்.

இலக்கியா, எட்டு வயதுப் பிள்ளை. காலைத் தரையில் வைக்க முடியாத வலியிலும் அம்மாவைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்று என்னிடமே விடை கேட்டான். என்னைப் பெற்றவர்கள் அடித்திருக்கிறார்கள், மாமியார் பேசாத பேச்சில்லை, ஆறு வருஷம் ஊர் பேசியிருக்கிறது, எதுவும் எனக்கு அப்படி வலித்ததில்லை. அப்பா என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையையும் சொல்லத் தெரியவில்லை. அந்த டாக்டரம்மா கோபப்படவில்லை. “அம்மா, ஒங்கள திட்டுறதுக்கு நான் கேக்கல. விழுந்திருந்தா நான் தேடுறது ஒண்ணு, விழலைன்னா தேடுறது வேற. நீங்க சொல்றத வச்சுத்தான் நான் எங்க பாக்கணும்னு முடிவு பண்ணணும்” என்றாள். நான் அங்கேயே எல்லாவற்றையும் கொட்டினேன். ஞாயிற்றுக்கிழமையிலிருந்து வலி, விழவே இல்லை, நான்தான் விழுந்தான் என்று சொல்ல வைத்தேன், தினமும் நான்தான் வழித்தேன், காய்ச்சல் உண்டு, சிரப் கொடுத்து மறைத்துத்தான் கூட்டி வந்தேன். கொஞ்ச நாளுக்கு முன் உடம்பில் கட்டி ஏதாவது வந்ததா என்று கேட்டாள். தொடையில் ஒரு வேனல் கட்டி வந்தது, நானே பிதுக்கி விட்டேன். அதையும் சொன்னேன். சொல்லச் சொல்ல அவள் எழுதிக்கொண்டே நர்சைப் பார்த்து ரத்தம் எடுக்கச் சொன்னாள், ஸ்கேனுக்குச் சொல்லச் சொன்னாள், இனிமேல் தண்ணீர்கூடக் கொடுக்காதீர்கள் என்றாள்.

முதலில் எக்ஸ்ரே எடுத்தார்கள், எலும்பில் ஒன்றும் இல்லை என்றார்கள். அந்த ஒரு நிமிஷம் என் மனது என்ன நினைத்தது தெரியுமா, எலும்பில் ஒன்றும் இல்லையா, அப்படியானால் நான் சொன்ன சுளுக்குதானே என்று சந்தோஷப்பட்டது. பிள்ளை ஸ்ட்ரெச்சரில் கிடக்கிறான், நான் ஜெயித்துவிட்டேனா என்று பார்த்துக்கொண்டு நிற்கிறேன். இதை நான் யாரிடமும் சொல்லவில்லை, உன்னிடம் மட்டும்தான் சொல்கிறேன், ஏனென்றால் உன் அம்மா எப்பேர்ப்பட்டவள் என்று நீ தெரிந்துகொண்டே முடிவு செய்ய வேண்டும். எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை என்றதும் அவள் விட்டுவிடவில்லை, ஆரம்பத்தில் எலும்பில் தெரியாது, மூட்டுக்குள் நீர் கோத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்று ஸ்கேனுக்கு அனுப்பினாள். நீ சொன்ன அதே இடுப்பு மூட்டு. கட்டியிலிருந்த கிருமி ரத்தத்தோடு போய் அங்கே உட்கார்ந்து சீழாகிவிட்டிருந்தது. சாயங்காலமே ஆபரேஷன் தியேட்டருக்குக் கொண்டு போய்த் திறந்து கழுவினார்கள். உனக்கு இதெல்லாம் என்னைவிட நன்றாகத் தெரியும், சீழ் அங்கே இருக்கிற ஒவ்வொரு நாளும் மூட்டை அரிக்கும் என்று. நான் வழித்ததால் வந்த நோய் இல்லையாம், வழித்துக்கொண்டே நாளைக் கடத்தியதுதான் கெடுதலாம். டாக்டரம்மா எனக்கு ஆறுதலாகத்தான் அதைச் சொன்னாள், எனக்கு ஆறவில்லை.

அப்பா அடுத்த நாள் உனக்குப் போன் செய்து சொன்னார். நீ அப்பாவிடம், “நான் இங்க யார் யார் பெத்த பிள்ளைக்கோ தொட்டுப் பாத்துக் கண்டுபிடிக்கிறேன்ப்பா, என் தம்பிய எங்கிட்ட காட்டவே இல்லையே” என்று அழுதாயாம். அவர் மறைக்கத் தெரியாத மனுஷன், அப்படியே வந்து சொன்னார். நீ என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஆஸ்பத்திரியில் இருந்த நாளெல்லாம் ஊசி மருந்து ஏறும்போது வசந்த் அக்கா எப்போது வருவாள் என்றுதான் கேட்டான். உனக்கு லீவு கிடைக்காது என்று தெரியும், அதைப் பற்றி ஒன்றும் கேட்க மாட்டேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். காலை இன்னும் ஊன்றக் கூடாது, அடுத்த மாதம் மறுபடி எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தால்தான் தொடை எலும்பின் தலைக்குச் சேதம் உண்டா, கால் குட்டையாகுமா என்று சொல்ல முடியுமாம். அதற்குள் மூட்டு இறுகிப் போகாமல் இருக்க தினமும் மூன்று வேளை காலைப் பிடித்து மெதுவாக மடக்கி, அகட்டி, நீட்ட வேண்டும். ஆஸ்பத்திரியில் பயிற்சி கொடுக்கிற பிசியோ அம்மா எனக்கும் அப்பாவுக்கும் சொல்லித் தந்திருக்கிறாள், வாரம் ஒருமுறை போய்க் காட்டுகிறோம். அப்பா பிடித்தால் வசந்த் விடுகிறான். அவருக்கு முடிவது சாயங்காலம் ஒரு வேளை மட்டும்தான், அதுவும் மீன் பெட்டி தூக்குகிற கை, பயந்து பயந்து பாதியில் விட்டுவிடுகிறார். நான் கிட்டே போனால் காலைச் சுருட்டிக்கொள்கிறான். சத்தம் போடுவதில்லை, என்னைத் திட்டுவதில்லை, முன்பு பல்லைக் கடித்துக்கொண்டு தலையணையைப் பிடித்தானே, அதே மாதிரி பிடித்துக்கொள்கிறான். சாதம் ஊட்டினால் வாங்குகிறான், தலை துவட்டினால் சாய்ந்துகொள்கிறான், என் கை இடுப்புக்குக் கீழே இறங்கினால் மட்டும் உடம்பு விறைத்துவிடுகிறது. போன வாரம் பிசியோ அம்மா பார்த்துவிட்டுப் போன தடவையைவிட இறுகியிருக்கிறது, இப்படியே விட்டால் நொண்டி நடப்பதை மாற்ற முடியாமல் போகும் என்று சொல்லிவிட்டாள். பொற்கொடியைச் செய்யச் சொன்னேன், அவள் தொட்டாலும் விடவில்லை. நானும் தொடாமல் கையை எடுத்துக்கொள்கிறேன். இத்தனை வருஷம் யார் பிள்ளை கத்தினாலும் பின்வாங்காத கை.

முந்தாநாள் அறந்தாங்கிப் பக்கத்திலிருந்து ஒருத்தி வெற்றிலை பாக்கோடு பெண் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தாள், கையைத் தூக்க மாட்டேன் என்கிறாள், சுளுக்கு எடுத்து விடுங்கள் என்றாள். நான் எண்ணெயை எடுக்கவில்லை, குழந்தையைத் தொடவும் இல்லை, ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போ என்றேன். கை ராசி போய்விட்டது போல என்று முணுமுணுத்துக்கொண்டு போனாள். எனக்குப் புத்தி வந்துவிட்டது என்று நினைக்காதே, பயம்தான் வந்திருக்கிறது. புத்தி வந்ததா என்று இனிமேல்தான் பார்க்க வேண்டும். இப்போது தினமும் மதியம் அப்பா வந்து படுத்ததும் அவர் காலைப் பிடித்துப் பிசியோ அம்மா சொன்னபடி மடக்கி நீட்டிப் பழகுகிறேன். மனுஷனுக்குக் கூச்சம், சிரித்துச் சிரித்து இருமுகிறார். வசந்த் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருக்கிறான், சிரிப்பதில்லை.

நீ நைட் டியூட்டி பார்த்துவிட்டு வெறும் டீயைக் குடித்துவிட்டுப் படுக்கிறாய் என்று ரகுநாத் சொன்னான், அப்படிச் செய்யாதே. வாரம் ஒரு நாள் தலைக்கு எண்ணெய் வைத்துக் குளி, அந்த ஊர்த் தண்ணீருக்கு முடி கொட்டும். அடுத்தவர் டியூட்டியையும் இழுத்துப் போட்டுக்கொண்டு செய்யாதே. அப்பா உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னார், தினமும் பேசுகிறவருக்கு இதற்கு மேல் என்ன கேட்க இருக்கிறதோ. நீயும் ரகுநாத்தும் எங்கே இருந்தாலும் கை கால் சுகத்தோடு நீண்ட ஆயுளோடு இருக்க வேண்டும், உங்களைச் சேர்ந்தவர்களும் நன்றாக இருக்க வேண்டும் என்று என் ஆசீர்வாதம், என் வாய் வார்த்தைக்கு மதிப்பிருந்தால்.

ஒன்று மட்டும் மறக்காதே. வசந்த் யார் சொன்னாலும் கேட்பதில்லை, நீ சொன்னால் கேட்பான். அம்மாவைத் தொட விடுடா, வலிக்காது என்று நீ ஒரு வார்த்தை சொன்னால் காலை நீட்டுவான் என்று எனக்குத் தெரியும். இந்தக் கடிதம் கிடைத்ததும் வீடியோ கால் போடு. என்னிடம் பேச வேண்டாம், போனை நிமிர்த்தி வைத்துவிட்டு அப்பா காலில் செய்து காட்டுகிறேன், நீ பார். எங்கே பிடிக்கிறேன், எவ்வளவு மடக்குகிறேன், எங்கே நிறுத்துகிறேன் என்று உன் வார்டில் பார்க்கிற மாதிரி பார். தப்பாக இருந்தால் திருத்து. சரி என்று உனக்கே தோன்றினால் தம்பியிடம் சொல். எனக்காக இரக்கப்பட்டு மட்டும் சொல்லிவிடாதே கண்ணு. அவனிடம் நம் வீட்டார் இனி ஒரு பொய்யும் சொல்ல வேண்டாம்.

உன் அழைப்புக்குக் காத்திருக்கும்,
அம்மா,
செவந்தி